பழைய விண்டோஸ் 98 கணினியை வீட்டு நெட்வொர்க்கில் சேர்ப்பது எப்படி

டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், நான் சனிக்கிழமைதோறும் பாடம் சொல்லித்தரும் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பென்டியம் கணினி உண்டு. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, பெரிய சிஆர்டி மானிட்டர், சாவிகளில் எழுத்து தேய்ந்துபோன கீபோர்டு. அது காட்சிப் பொருள் இல்லை, இன்றும் வேலை செய்கிறது. எண்பது வயதைக் கடந்த தாத்தா ஒருவர் தைப்பூசக் காவடிப் பாடல்கள், புரட்டாசி பஜனைப் பாடல்கள், கூழ் பூஜைக்கான மாரியம்மன் பாட்டுகள் என்று எல்லாவற்றையும் அதில்தான் தட்டச்சு செய்கிறார். விரல்களுக்குப் பழகிய தட்டச்சு முறை, பழகிய எழுத்துரு, பழகிய மென்பொருள். புது லேப்டாப் வாங்கித் தருகிறோம் என்று பேரப்பிள்ளைகள் சொன்னபோது, “இது ஓடுற வரைக்கும் இதுதாம்மா” என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். அந்த வயதில் கைக்குப் பழகிய கருவியை மாற்றச் சொல்வது வேலையையே நிறுத்தச் சொல்வதற்குச் சமம்.

ஆனால் அவர் அடிப்பது எங்களுக்கு வந்து சேரவேண்டும். ஃப்ளாப்பிகள் ஒவ்வொன்றாக உயிரை விடுகின்றன. பென்டிரைவைச் செருகினால் விண்டோஸ் 98 தானாக அடையாளம் கண்டுகொள்ளாது, அதற்குத் தனி டிரைவர் வேண்டும். ஆகவே கணினியை நெட்வொர்க்கில் சேர்த்துவிடுவதே நிரந்தரமான வழி. எங்கள் பள்ளிக்கணினியில் செய்ததையும், அதன் பிறகு நண்பர்கள் வீட்டிலிருந்த பழைய டாஸ் கணினிகளில் செய்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கணினியை இன்றைய இணையத்தோடு நேரடியாகப் பேசவைக்க முயல வேண்டாம். விண்டோஸ் 98-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதன் பிறகு வந்த பாதுகாப்பு முறைகள் எதுவும் அதற்குத் தெரியாது. அதிலுள்ள பிரவுசருக்கு இன்றைய மறையாக்கம் புரியாது, இன்றைய வைஃபை பாஸ்வேர்டும் புரியாது. அதைச் சரிக்கட்ட உங்கள் வீட்டு நெட்வொர்க்கின் பாதுகாப்பைக் குறைக்கத் தொடங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். பழைய மொழியும் புது மொழியும் தெரிந்த ஒரு துபாஷியை நடுவில் உட்காரவைப்பதே நல்லது. அந்த வேலைக்கு உள்ளங்கை அளவிலான ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று போதும்.

முதலில் மின்சாரமும் ஹார்டு டிஸ்கும்

பல வருடம் மூலையில் கிடந்த கணினி என்றால், கிடைத்தவுடன் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் பவர் சப்ளையில் சிவப்பாக ஒரு சிறிய நகர்த்தி இருக்கிறதா பாருங்கள். அதில் 115, 230 என்று இரண்டு நிலைகள். நமக்கு 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்த கணினியாக இருந்தால் 115-இல் நிற்கலாம். அப்படியே நம் சுவரில் செருகினால் பவர் சப்ளை வெடித்துப் புகைந்துவிடும்.

மூடியைக் கழற்றித் தூசியையும் கரப்பான்பூச்சி எச்சத்தையும் பிரஷ் வைத்துத் தள்ளுங்கள். டர்பன் கடற்காற்று இரும்பை விடாது, செம்பையும் விடாது. ரேம், கார்டுகள் இவற்றின் தங்கநிற விளிம்புகளில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். மதர்போர்டில் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி இருந்தால் புதிது போடுங்கள். 386, 486 காலத்துப் போர்டில் பீப்பாய் வடிவில் நீலமாக ஒரு பேட்டரி இருந்தால் உடனே வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகி, பக்கத்திலுள்ள செம்புப் பாதைகளை அரித்துவிடும். பழைய கணினிகளில் பல இதனால்தான் செத்திருக்கின்றன.

அடுத்தது ஹார்டு டிஸ்க். நெட்வொர்க் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதைக் கழற்றி, ஐடிஇ-யிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் வழியாகப் புதுக் கணினியில் இணைத்து, முழு டிஸ்கையும் ஒரே இமேஜ் கோப்பாக நகலெடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தேவை பழைய கோப்புகள் மட்டும்தான், கணினி இனி ஓடவேண்டியதில்லை என்றால், வேலை இங்கேயே முடிந்தது. மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். எங்களைப் போல அந்தக் கணினியில் வேலை தொடரவேண்டும் என்பவர்களுக்குத்தான் மற்றவை.

நெட்வொர்க் கார்டு

போர்டில் வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட் இருந்தால் உங்கள் பாடு எளிது. ரியல்டெக் ஆர்டிஎல்8139 சிப் உள்ள கார்டைத் தேடுங்கள். 10, 100 எம்பிபிஎஸ் இரண்டு வேகத்திலும் ஓடும். ஒருகாலத்தில் மிக மலிவான கார்டு என்பதால் ஊர் முழுக்க விற்றிருக்கிறது. பழைய கணினிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் பெட்டி நிறையக் கிடக்கும். கிகாபிட் கார்டு வேண்டாம், அதனால் இந்தக் கணினிக்கு லாபம் ஒன்றும் இல்லை. விண்டோஸ் 98-க்கு டிரைவர் கிடைப்பதும் சந்தேகம்.

டிரைவரை எப்படிக் கணினிக்குள் கொண்டுபோவது என்பதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். நெட்வொர்க் இன்னும் இல்லை, பென்டிரைவும் ஓடாது. சிடி-ஆர் தகட்டில் எழுதிச் செருகுங்கள். பழைய சிடி டிரைவுகள் பல, திரும்ப எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ தகடுகளைப் படிக்கத் திணறும், ஆகவே சாதாரண சிடி-ஆர் வாங்குங்கள். அதே தகட்டில் விண்டோஸ் 98 நிறுவல் சிடியிலுள்ள வின்98 என்ற ஃபோல்டரையும் முழுதாகப் போட்டு, ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் அமைப்பில் எதைத் தொட்டாலும் விண்டோஸ் 98 “நிறுவல் சிடியைப் போடு” என்று கேட்கும். அப்போதெல்லாம் இந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும்.

கார்டைச் செருகி இயக்கினால் புதிய வன்பொருள் கிடைத்தது என்று விண்டோஸ் சொல்லும். சிடியிலுள்ள டிரைவர் ஃபோல்டரைக் காட்டுங்கள். மறுபடி இயங்கிய பிறகு டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் மஞ்சள் ஆச்சரியக்குறி இல்லாமல் நிற்கவேண்டும். குறி இருந்தால் பெரும்பாலும் சவுண்டு கார்டோடு குறுக்கீட்டு எண் மோதுகிறது என்று பொருள். கார்டை வேறு பிசிஐ ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

துபாஷியை அமைப்பது

சாட்ஸ்வொர்த் வீடுகளில் பைபர் பெட்டி முன் ஹாலில் இருக்கும். பழைய கணினியோ பின்னால் உள்ள அவுட்பில்டிங்கில் இருக்கும். அவ்வளவு தூரம் கேபிள் இழுப்பது எல்லோராலும் முடியாது. பழைய கணினிக்கு ஒரு வைஃபை கார்டு வாங்கிவிடலாமே என்று தோன்றும். அந்தக் காலத்துக் கார்டுகளுக்கு டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு மட்டுமே தெரியும். அந்தப் பூட்டைத் திறப்பது இன்று சில நிமிட வேலை. 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 கூட அவற்றில் பலவற்றுக்குத் தெரியாது. ஒரு பழைய கணினிக்காக வீட்டு வைஃபையை டபிள்யூஇபிக்கு இறக்குவது, வீட்டுக்கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ராஸ்பெரி பை 3 அல்லது 4 இரண்டு காதுகளோடு வருகிறது: ஒன்று வைஃபை, மற்றொன்று ஈதர்நெட் துளை. வைஃபை காதை வீட்டு நெட்வொர்க்கிடம் கொடுங்கள். ஈதர்நெட் துளையிலிருந்து ஒரு சிறிய கேபிளை நேராகப் பழைய கணினிக்குச் செருகுங்கள். குறுக்கு கேபிள் தேவையில்லை. எந்தப் பக்கம் அனுப்புவது, எந்தப் பக்கம் கேட்பது என்பதைப் பை தானே கண்டுகொள்ளும். இப்போது பழைய கணினிக்கும் பைக்கும் இடையே தனி நெட்வொர்க் ஒன்று. அதில் இரண்டே பேர். வெளி உலகம் அதற்குள் வராது, அதுவும் வெளியே போகாது.

பையில் ராஸ்பெரி பை ஓஎஸ் போடும்போது வைஃபை பெயர், பாஸ்வேர்டு, நாடு தென்னாப்பிரிக்கா, வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அனுமதி ஆகியவற்றை இமேஜர் மென்பொருளிலேயே கொடுத்துவிடுங்கள். நாடு சரியாக இல்லாவிட்டால் சில வைஃபை சேனல்கள் கண்ணுக்கே தெரியாது. பை இயங்கியதும் டெர்மினலில் என்எம்டியூஐ (nmtui) என்று தட்டினால் நெட்வொர்க் அமைப்புத் திரை வரும். ஈதர்நெட் இணைப்பைத் திறந்து ஐபிவி4 முறையை மேனுவல் என்று மாற்றுங்கள். முகவரி 192.168.7.1, மாஸ்க் 24. கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். இது முக்கியம். அங்கே எதையாவது நிரப்பினால், பழைய கணினி வழியாகத்தான் இணையம் இருக்கிறது என்று பை நம்பிக்கொண்டு தன் சொந்த இணைப்பையே இழந்துவிடும். அங்கே ஷேர்டு என்று ஒரு முறையும் தெரியும். அதைத் தேர்ந்தால் பழைய கணினிக்கு இணையம் திறந்துவிடும். அதுவும் வேண்டாம்.

ஏன் 192.168.7? வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையைப் பயன்படுத்தும். இரண்டு பக்கமும் ஒரே வரிசை வந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று பைக்குக் குழப்பம் வரும். உங்கள் ரவுட்டரும் 7-ஐப் பயன்படுத்தினால் வேறு எண் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எஃப்டிபி. விண்டோஸ் 98-இலிருந்து கோப்பு அனுப்ப இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, நெட்வொர்க் நெய்பர்ஹுட் வழியாகப் பகிர்ந்த ஃபோல்டர். அது எஸ்எம்பி1 என்ற முதல் தலைமுறை முறையில் பேசும். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு விண்டோஸ் 10 அதை இயல்பாகவே அணைத்து வைக்கத் தொடங்கியது. அதைத் திரும்ப எழுப்பச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. நான் சொல்லமாட்டேன். மற்றொரு வழிதான் எஃப்டிபி. பழையது, எளியது, விண்டோஸ் 98-இல் ஏற்கெனவே இருக்கிறது. மறையாக்கம் இல்லாததால் வீட்டு நெட்வொர்க் முழுவதிலும் ஓடவிடுவது நல்லதல்ல. ஆனால் இரண்டே பேர் இருக்கும் ஒரு முழக் கேபிளில் யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள்?

பையில் விஎஸ்எஃப்டிபிடி (vsftpd) என்ற எஃப்டிபி சேவையை நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் எழுத அனுமதி தரும் வரி, அதாவது ரைட் எனேபிள் என்பது, முன்னால் ஒரு வேலிக்குறியோடு (#) தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குறியை நீக்குங்கள். கோப்புகளுக்கென்று பையில் தனிப் பயனர் கணக்கு ஒன்று தொடங்குங்கள். பாதுகாப்பு என்று நினைத்து அந்தக் கணக்கின் ஷெல்லை, அதாவது கட்டளைகளை ஏற்கும் நிரலை, நோலாகின் என்று வைத்தால் எஃப்டிபியும் உள்ளே விடாது, ஆகவே சாதாரண ஷெல்லே இருக்கட்டும். அந்தப் பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

பிறகு யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவர். முதலில் எஸ்எஸ்ஹெச்சை அனுமதியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பையிலிருந்து நீங்களே வெளியே தள்ளப்படுவீர்கள். அடுத்து ஈதர்நெட் பக்கத்திலிருந்து வரும் 21-ஆம் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி. வைஃபை பக்கத்துக்கு எஃப்டிபி அனுமதி வேண்டாம். அதன் பிறகு தீச்சுவரை இயக்குங்கள்.

புதுக் கணினிகளும் போன்களும் இதே கோப்புகளைப் பார்க்க, அதே ஃபோல்டரைச் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக வைஃபை பக்கம் திறந்துவிடுங்கள். இன்றைய சாம்பா எஸ்எம்பி2, 3 முறைகளில்தான் இயல்பாகப் பேசும், அது போதும். சாம்பாவுக்கும் வைஃபை பக்கத்தில் மட்டும் அனுமதி கொடுங்கள். ஆக, பழைய பக்கம் எஃப்டிபி, புதுப் பக்கம் சாம்பா, நடுவில் ஒரே ஃபோல்டர்.

விண்டோஸ் 98 பக்கம்

கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க்கைத் திறங்கள். பட்டியலில் கார்டின் பெயரும், அம்புக்குறியோடு டிசிபி/ஐபியும் இருக்கவேண்டும். டிசிபி/ஐபி இல்லையென்றால் ஆட் பொத்தானை அழுத்தி, புரோட்டோகால், மைக்ரோசாஃப்ட், டிசிபி/ஐபி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பண்புகளில் முகவரியை நாமே தருவதாகத் தேர்ந்து 192.168.7.2, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள். கேட்வே, டிஎன்எஸ் இரண்டும் காலி. கோப்பு, பிரின்டர் பகிர்வு சேவை பட்டியலில் இருந்தால் நீக்கிவிடுங்கள், நமக்கு அது தேவையே இல்லை. முதன்மை உள்நுழைவு என்ற இடத்தில் விண்டோஸ் லாகான் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நெட்வொர்க் பாஸ்வேர்டு பெட்டி வந்து தாத்தாக்களை மிரட்டும்.

மறுபடி இயக்கி, ரன் கட்டத்தில் வின்ஐபிசிஎஃப்ஜி (winipcfg) என்று தட்டுங்கள். நீங்கள் கொடுத்த முகவரி தெரியவேண்டும். 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், முகவரியைத் தானாகப் பெறும் அமைப்பு இன்னும் மாறவில்லை. சரியாக இருந்தால் டாஸ் சாளரத்தில் பிங் 192.168.7.1 என்று தட்டுங்கள். பதில் வந்தால் இரண்டும் பேசிக்கொள்கின்றன. வராவிட்டால் முதலில் கார்டின் பின்னாலுள்ள பச்சை விளக்கைப் பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ கார்டிலோ இருக்கிறது, அமைப்புகளைத் துருவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி டாஸ் சாளரத்தில் எஃப்டிபி 192.168.7.1 என்று தட்டினால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். உள்ளே போனதும் முதல் கட்டளை ‘பின்’ (bin). இதை மறந்தால் கோப்புகள் எழுத்துமுறையில் போகும். வழியில் வரிமுடிவுக் குறிகள் மாற்றப்பட்டு, வேர்டு கோப்புகள் திறக்க முடியாதபடி கெட்டுவிடும். பிறகு புட் என்று கோப்பின் பெயர், அல்லது எம்புட் என்று பல கோப்புகள், கடைசியில் வெளியேற ‘பை’ (bye).

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. விண்டோஸ் 98-இலுள்ள எஃப்டிபிக்கு ஆக்டிவ் என்ற பழைய முறை மட்டுமே தெரியும். கோப்பை அனுப்பும்போது எதிர்முனை திரும்பி வந்து கதவைத் தட்டும். நடுவில் ரவுட்டர் இருந்தால் அந்தத் தட்டல் பல இடங்களில் தொலைந்துபோகும். உள்ளே போகிறது, ஆனால் பட்டியல் கேட்டதும் அப்படியே நிற்கிறது என்று பலர் புலம்புவது இதனால்தான். நேர்க்கேபிளில் இந்தத் தொல்லை எழவே எழாது.

தாத்தாவிடம் இத்தனை கட்டளைகளைச் சொல்லமுடியுமா? சொல்லவேண்டியதில்லை. நோட்பேடில் பெயர், பாஸ்வேர்டு, பின், எல்சிடி கட்டளையோடு கோப்புகள் இருக்கும் ஃபோல்டர், எம்புட் எல்லாக் கோப்புகள், பை (bye) ஆகியவற்றை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதிச் சேமியுங்கள். எஃப்டிபி கட்டளைக்குப் பின்னால் கோடு எஸ், முக்காற்புள்ளி, அந்தக் கோப்பின் பெயர் என்று கொடுத்தால் அது வரிவரியாகப் படித்துத் தானே செய்யும். ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்காமலிருக்கக் கோடு ஐ என்பதையும் சேருங்கள். இந்த ஒற்றை வரியை ஒரு பேட்ச் கோப்பாக்கி டெஸ்க்டாப்பில் வையுங்கள். எங்கள் கணினியில் அதன் பெயர் ‘அனுப்பு’. தாத்தா வேலை முடித்ததும் அதை இரட்டை கிளிக் செய்கிறார். கறுப்புச் சாளரம் ஒன்று வந்து மறைகிறது. அவ்வளவுதான்.

ஒரே பெயரில் கோப்பு மறுபடி வந்தால் பழையது அழிந்துவிடும். அதனால் பையில் தினமும் இரவு அந்த ஃபோல்டரைத் தேதியிட்ட வேறு இடத்துக்கு நகலெடுக்கும்படி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகச் செய்யும் கிரானில் ஒரு வரி வைத்திருக்கிறேன். அவர் பாட்டின் ஒரு பகுதியைத் தவறி அழித்துவிட்டாலும் முந்தைய நாளின் பிரதி இருக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டு ஏடு அடிக்கும் வேலையில் இந்த நிம்மதிக்கு விலையே கிடையாது.

வந்த கோப்பைப் படிப்பது

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு நெட்வொர்க் பாதி வேலைதான். கோப்பு வந்து சேர்ந்து, புதுக் கணினியில் திறந்தால் திரை முழுக்கப் புரியாத குறிகள். காரணம், அந்த நாளில் யூனிகோடு கையில் இல்லை. மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் யூனிகோடு தமிழ், லதா எழுத்துருவோடு, விண்டோஸ் 2000-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு குறியாக்கம்: டிஸ்கி, டேப், டேம், பாமினி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டேப், டேம் இரண்டும் முன்வைக்கப்பட்ட பிறகும் பழையவை போய்விடவில்லை.

முதலில் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று லிப்ரே ஆபீஸில் திறந்து பெயரைப் பாருங்கள். பெயர் தெரிந்துவிட்டால் மாற்றிகள் உண்டு. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் இந்தக் குறியாக்கங்களை யூனிகோடாக்கும். பைதான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்ற நிரலகமும் இருக்கிறது, அதைப் பையிலேயே ஓடவிடலாம்.

இங்கே தென்னாப்பிரிக்காவுக்கே உரிய ஒரு சிக்கல். நம் பாட்டு ஏடுகளில் தமிழ் வரி, அதன் கீழே ஆங்கில எழுத்தில் அதே வரி, அதற்கும் கீழே ஆங்கிலப் பொருள் என்று மூன்றும் சேர்ந்து வரும். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் சேர்ந்து பாடவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. டிஸ்கியும் டேபும் ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் தொடாமல் மேல் பாதியில் தமிழை வைத்தவை. ஆகவே கோப்பை முழுதாக மாற்றினாலும் ஆங்கிலம் தப்பிக்கும். பாமினி அப்படியல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்காரவைத்தது. கோப்பை முழுதாக மாற்றினால் ஆங்கிலப் பொருளெல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும். பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் எழுத்துரு வாரியாகத் தேடி எடுத்து மாற்றவேண்டும். மெதுவான வேலைதான், குறுக்குவழி தேடினால் பாழாகும்.

மாற்றிய பிறகு கண்ணால் படித்தே ஆகவேண்டும். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே குறிகள் சேமிக்கப்பட்டன. கொம்பு முதலில், மெய்யெழுத்து பிறகு. யூனிகோடில் அது தலைகீழ். மாற்றி இதைச் சரிசெய்யும், ஆனால் கொ, கோ போன்ற இருபக்கக் குறிகளில் சில இடங்களில் தடுமாறும். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருந்தால் அச்சில் வித்தியாசம் தெரிந்திருக்காது, தேடும்போது சொல் கிடைக்காது. ஔகாரத்தில் ளகரம் போட்டதும் இதே கதை.

டாஸ் கணினியாக இருந்தால்

பிசிஐ ஸ்லாட் இல்லாமல் நீளமான கறுப்பு ஐஎஸ்ஏ ஸ்லாட் மட்டும் இருந்தால் என்இ2000 வகைக் கார்டு, அல்லது 3காம் நிறுவனத்தின் 3சி509பி தேடுங்கள். ஆர்ஜே45 துளை உள்ளதாகப் பாருங்கள். வட்டமான கோஆக்சியல் துளை மட்டும் உள்ள கார்டு இன்றைய கேபிளுக்கு ஒத்துவராது. இவை 10 எம்பிபிஎஸ் கார்டுகள். பையும் சாதாரணக் கிகாபிட் ஸ்விட்சுகளும் அந்த வேகத்துக்கு இறங்கிவரும். 2.5 கிகாபிட் துளைகளில் சில இறங்கிவர மறுக்கும். அப்படியானால் நடுவில் ஒரு பழைய 10/100 ஸ்விட்சை வையுங்கள்.

கார்டோடு வரும் அமைப்பு நிரலில் பிளக் அண்டு பிளேயை அணைத்து, முகவரி ஹெக்ஸ் 300, குறுக்கீட்டு எண் 10 என்று நிரந்தரமாக வையுங்கள். 8-பிட் ஸ்லாட் என்றால் 10 கிடைக்காது, 5 வைத்துப் பாருங்கள். அடுத்து, டாஸ் மென்பொருள் கார்டோடு பேச உதவும் பாக்கெட் டிரைவர், ஹெக்ஸ் 60 என்ற எண்ணில். கிரின்வர் தொகுப்பில் பெரும்பாலான கார்டுகளுக்கு டிரைவர் உண்டு. அதன் மேல் மைக்கேல் புரூட்மன் எழுதிய எம்டிசிபி தொகுப்பு. டாஸுக்கு இவ்வளவு அக்கறையாக எழுதப்பட்ட நெட்வொர்க் மென்பொருளை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒரு சின்ன உரைக்கோப்பில் பாக்கெட் எண், ஐபி, மாஸ்க் எழுதி, அந்தக் கோப்பின் இடத்தை எம்டிசிபிசிஎஃப்ஜி என்ற சூழல் மாறியில் சொன்னால் போதும்.

எம்டிசிபியில் எஃப்டிபி சர்வரும் இருக்கிறது என்பது இன்னும் நல்லது. டாஸ் கணினியே சர்வராக நிற்க, பையிலிருந்து நீங்கள் கோப்புகளை இழுத்துக்கொள்ளலாம். ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி மென்பொருளைப் பயன்படுத்தினால் ஒரு நேரத்தில் ஒரே இணைப்பு என்று கட்டுப்படுத்துங்கள், பாவம், 386 தாங்காது. கோப்புப் பெயர்கள் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து என்ற அளவில்தான் இருக்கவேண்டும்.

கார்டே போடமுடியாத மடிக்கணினிகளுக்கு சீரியல் போர்ட் வழி இருக்கிறது. இஎஸ்பி8266 சிப் வைத்த வைஃபை மோடம் ஒன்றை அதில் செருகினால் பழைய மோடம் கட்டளைகளிலேயே பேசும். கோப்பு அனுப்ப மெதுவானது. வேறு வழி இல்லாதபோது மட்டும் போங்கள்.

மின்வெட்டும் இடியும்

2023-இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இங்கே கணினி வைத்திருந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் புரிந்தது. மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் நொடிதான் ஆபத்து. சிறிய யூபிஎஸ் ஒன்றில் கணினியையும் பையையும் சேர்த்துச் செருகுங்கள். பையின் எஸ்டி கார்டும் திடீரென்று மின்சாரம் போனால் கெடக்கூடியதே. வேலை முடிந்ததும் சுவரிலிருந்து பிளக்கை உருவிவிடும் பழக்கம் நல்லது. இடி மின்னல் நாளில் வீட்டு ரவுட்டரிலிருந்து வரும் நீளமான செம்புக் கேபிள் வழியாகவும் அதிர்ச்சி ஏறும். நம் ஏற்பாட்டில் பைக்கும் ரவுட்டருக்கும் இடையே காற்று மட்டும்தான் என்பதால் அந்தப் பயமும் குறைவு.

பழைய கணினியில் இணையப் பக்கம் பார்க்கமுடியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஃப்ராக்ஃபைண்ட் போன்ற தளங்கள் பக்கங்களை வெறும் எழுத்தாக உரித்து, மறையாக்கம் இல்லாமல் தருகின்றன. அவர்கள் ஆசைக்கு ஒருநாள் பையில் ஷேர்டு முறையைத் தேர்ந்து, பழைய கணினியில் கேட்வேயாக 192.168.7.1-ஐயும் டிஎன்எஸ் முகவரி ஒன்றையும் கொடுத்துக் காட்டிவிட்டு, அன்று மாலையே எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுங்கள். எந்தப் பாஸ்வேர்டையும் அதில் தட்டவிடாதீர்கள்.

கடைசியாக, டிரைவர் சிடி இருக்கும் இடம், இரண்டு கணினிகளின் முகவரிகள், எஃப்டிபி பயனர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் பள்ளிச் செயலாளரிடம் தனியாகக் கொடுத்துவையுங்கள்.